நேற்று இரவு எழும்பியது யார்? நோயாளியின் வீட்டாரைப் பற்றி முதன்முதலாக ஆய்வு செய்யப்போகும் தாதியருக்கு

நாவலையில் திறந்த பல்கலைக்கழகமாக இருந்தாலும் சரி, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தாதியியல் பீடமாக இருந்தாலும் சரி, பட்டம் முடிக்க ஒரு ஆய்வு செய்தாக வேண்டும். நைட் டியூட்டி முடிந்த கையோடு 138 பஸ்ஸில் தொற்றிக்கொண்டு விரிவுரைக்கு ஓடுகிறவர்களுக்கு அது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி ஓடியவள்தான். மூக்குக் குழாயோடு வீடு திரும்பும் பாரிசவாத நோயாளிகளை வீட்டில் யார் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. அதில் பிழைவிட்டுத் திருத்திக்கொண்ட இடங்களை வைத்தே இதை எழுதுகிறேன்.

ஏன் இந்த விஷயம்? துண்டு வெட்டி நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளை நினைத்துப் பாருங்கள். கட்டிலுக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார். மகளைக் கூப்பிட்டு, குழாயால் பால் விடுவது எப்படி, முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் கழுவுவது எப்படி என்று ஐந்து நிமிடத்தில் காட்டுகிறோம். "விளங்கினதா?" என்று கேட்கிறோம். அவள் தலையாட்டுகிறாள். கையில் இருக்கும் காகிதம் ஆங்கிலத்தில். அன்றிரவு பதினொரு மணிக்கு மட்டக்குளியில் ஒரு சிறிய அறையில், சரியாகப் பொடியாகாத மாத்திரை குழாயை அடைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் அவளுக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிந்திருக்கவில்லை என்பதை வார்டில் இருக்கும் நாம் அறிவதே இல்லை. அறிய வேண்டுமென்றால் ஆய்வு செய்ய வேண்டும்.

முதல் படி: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"புற்றுநோயாளிகளும் குடும்பப் பராமரிப்பாளர்களும்" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. நான் முதலில் கொண்டுபோனதும் அந்த மாதிரி ஒன்றுதான். மேற்பார்வையாளர் அதை வாசித்துவிட்டு, "இதை முடிக்க உங்களுக்குப் பத்து வருஷம் வேண்டும்" என்றார். எந்த நோய், எந்தக் காலம், வீட்டில் யார், எந்த வேலை என்ற நான்கையும் நிரப்பிப் பாருங்கள். "பாரிசவாதத்துக்குப் பிறகு மூக்குக் குழாயோடு வீடு போனவர்களை முதல் இரண்டு வாரம் பார்க்கிறவர்கள், குழாயால் உணவு கொடுப்பதில் எங்கே தடுமாறுகிறார்கள்?" இதற்குப் பதில் தேட முடியும். மகரகம அபேக்‌ஷா புற்றுநோய் வைத்தியசாலைப் பக்கம் வேலை செய்கிறவர்கள், சிகிச்சைக்காக யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து வாரக்கணக்கில் கொழும்பில் தங்க நேரும் குடும்பங்கள் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் என்ன செய்கிறார்கள் என்று கேட்கலாம். அதுவும் தாதிய ஆய்வுதான்.

உங்கள் வார்டில் திரும்பத் திரும்ப எரிச்சலூட்டும் ஒரு விஷயத்தை எடுங்கள். ஒரே நோயாளி ஒரே காரணத்துக்காக மூன்றாம் தடவையும் வந்து படுத்தால், கேள்வி அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் படி: தேடி வாசியுங்கள்

பப்மெட் இலவசம். இலங்கைச் சஞ்சிகைகளுக்கு 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' இருக்கிறது. காசு கட்டி வாசிக்கும் கட்டுரைகளுக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் ஹினாரி வழியாக உங்கள் நூலகத்துக்கு வசதி உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்கர் 'கேர்கிவர்' என்று எழுதுவதைப் பிரித்தானியர் 'கேரர்' என்று எழுதுவார்கள். ஒன்றை மட்டும் தட்டினால் நல்ல கட்டுரைகள் பல கைநழுவிவிடும். இரண்டையும் தட்டுங்கள், 'ஃபமிலி' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பு ஏன் முக்கியம் என்பதற்கு என் துறையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2004இல் லண்டனில் ஒரு பாரிசவாதப் பிரிவில் 300 நோயாளிகளை வைத்து, அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பலன் நன்றாக இருந்தது. ஒரு வருடத்தில் பார்த்துக்கொள்பவர்களின் பாரமும் குறைந்தது, செலவும் குறைந்தது. அதே மாதிரிப் பயிற்சியை 36 பிரிவுகளுக்கு விரித்து, நோயாளியும் பார்த்துக்கொள்பவருமாக 928 சோடிகளிடம் பரிசோதித்த ட்ராக்ஸ் ஆய்வு 2013இல் வந்தது. வழமையான பராமரிப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை. நமக்குப் பக்கத்தில் இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1250 நோயாளிகளோடு நடந்த அட்டெண்ட் ஆய்வு 2017இல் வந்தது. குடும்பத்தாரே வீட்டில் பயிற்சி கொடுக்கும் முறையைத்தான் அதில் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் மரணமோ, பிறரில் தங்கியிருப்பதோ குறையவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு மனம் சோர்ந்துபோனது. பிறகுதான் உறைத்தது. குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எதை, எப்போது, எந்த மொழியில், வீட்டில் உண்மையாகவே யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பது இன்னும் விடை தெரியாத கேள்வி. கொழும்பில் ஒரு வார்டில் சின்னதாகச் செய்யும் ஆய்வுக்கும் அங்கே இடமிருக்கிறது.

பார்த்துக்கொள்பவரின் உடம்பும் இதில் அடக்கம். 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வு, 66 வயதுக்கு மேற்பட்ட கணவன் மனைவியரை நான்கு வருடம் பின்தொடர்ந்தது. துணையைப் பார்த்துக்கொண்டு, அதனால் நெருக்கடியையும் அனுபவித்தவர்கள் இறக்கும் அபாயம், அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. கட்டிலில் கிடப்பவரோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவரும் நம் பொறுப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாம் படி: முறையைத் தெரிவுசெய்யுங்கள்

தொடங்குகிறவருக்கு இரண்டு வழி போதும். எத்தனை பேருக்கு, எவ்வளவு என்று அறிய வேண்டுமென்றால் வினாக்கொத்து. எப்படி, ஏன் என்று அறிய வேண்டுமென்றால் நேர்காணல். பயிற்சி கொடுத்து ஒப்பிடும் பரிசோதனை ஆய்வை முதல் தடவையிலேயே தொடாதீர்கள். செய்தே ஆகவேண்டுமென்றால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே 2006 முதல் இயங்கும் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும்.

மாதிரி அளவு, அதாவது எத்தனை பேரைச் சேர்ப்பது என்றால், எல்லாருடைய ஆய்வு முன்மொழிவிலும் 384 என்று இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. பாதிப்பேருக்கு அந்தப் பிரச்சினை இருக்கிறது என்று எடுத்து, 95 சதவீத நம்பிக்கையோடு, 5 சதவீதப் பிழைக்கு இடம்கொடுத்தால் வருகிற எண் அது. பிழையை 10 சதவீதமாக்கினால் 100க்கும் குறைவாக இறங்கிவிடும். உங்கள் வார்டுக்கு ஒரு வருடத்தில் வருவதே 120 பேர் என்றால் 384 என்று எழுதிவிட்டு என்ன செய்வீர்கள்? மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். நேர்காணலுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. புதிதாக ஒன்றும் வராத கட்டம் வரும்வரைக்கும் போக வேண்டியதுதான்.

நான்காம் படி: அனுமதி

ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி, பிறகு வைத்தியசாலைப் பணிப்பாளர், பிறகு அந்த வார்டின் விசேட வைத்திய நிபுணர், வார்ட் சிஸ்டர். மாதக்கணக்கில் இழுபடும், அதற்கேற்ப நாட்களை ஒதுக்குங்கள். அனுமதிக் கடிதம் வருவதற்கு முன் எடுத்த ஒரு நேர்காணலைக்கூடப் பயன்படுத்த முடியாது. தகவல் தாளும் சம்மதப் படிவமும் மூன்று மொழியிலும் தயாராக இருக்கட்டும்.

பலர் மறக்கிற விஷயம் ஒன்று: பார்த்துக்கொள்பவரின் சம்மதம் நோயாளியின் சம்மதம் ஆகாது. நோயாளியின் வார்டுக் குறிப்புகள் இருக்கும் பெட் ஹெட் டிக்கெட்டிலிருந்து ஒரு வரி எடுப்பதாக இருந்தாலும் நோயாளியிடம் தனியாகக் கேட்க வேண்டும். அவரால் பேச முடியாத நிலையில் யாரிடம் கேட்பது என்பதை முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள்.

ஐந்தாம் படி: தமிழ்

இங்கேதான் நான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பார்த்துக்கொள்பவரின் பாரத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் கருவி ஸாரிட் வினாக்கொத்து. 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88. இப்படியான கருவிகளுக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஏற்கெனவே தமிழாக்கம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். அப்படி இருந்தாலும் அது தமிழ்நாட்டுத் தமிழாக இருந்தால், இங்குள்ளவர்களுக்கு விளங்குகிறதா என்று பார்க்காமல் எடுக்கக்கூடாது.

நான் என் சொந்தக் கேள்விகளையும் அறிமுகத்தையும் கடைசி நேரத்தில், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்தேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. முதல் தாளின் மேலே "பராமரிப்பாளர் சுமை பற்றிய ஆய்வு" என்று இருந்தது. ஹட்டன் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கொட்டாஞ்சேனைக்கு வந்த ஒரு அக்கா அதை வாசித்தார். பேனையைக் கீழே வைத்தார். "எங்க அம்மாவ சுமைனு சொல்லச் சொல்றீங்களா மிஸ்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு அவர் அந்தப் படிவத்தை நிரப்பவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

இரண்டு கிழமை கழித்து, தலைப்பே இல்லாத தாளோடு திரும்பப் போனேன். "அம்மாவோட ஒரு நாள் எப்படிப் போகுது அக்கா?" என்று மட்டும் கேட்டேன். முக்கால் மணித்தியாலம் பேசினார். அதில் பாரம் எல்லாம் இருந்தது. இரவில் மூன்று தடவை எழும்புவது, விட்டுவிட்ட தையல் வேலை, அழுதால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று குளியலறைக்குள் போய் அழுவது, எல்லாம். சுமை என்ற சொல் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை.

அறிமுகத்தையும் தாளையும் அதன்படி மாற்றினேன். மாற்றியதைக் குழுவுக்குத் திரும்ப அனுப்பி அனுமதி பெற்றேன். சின்ன மாற்றம்தானே என்று விட்டுவிடாதீர்கள், இதற்கும் அனுமதி வேண்டும்.

மொழிபெயர்ப்பு முறை எளிதானது. இருவர் தனித்தனியே தமிழாக்க வேண்டும், உட்கார்ந்து ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், வித்தியாசங்களைப் பார்க்க வேண்டும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். என் அனுபவத்தில் இதற்குப் பிறகு வருவதுதான் பெரிய வேலை. உங்கள் ஆய்வில் சேராத ஐந்தாறு பேரிடம் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் "இதை எப்படி விளங்கிக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள்.

கொழும்புத் தமிழ் ஒரு தமிழ் அல்ல. வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்தார், கொட்டாஞ்சேனையில் மலையகத்திலிருந்து வந்தவர்கள், மருதானையில் முஸ்லிம்கள், அப்புறம் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்து மூன்று மொழியையும் கலந்து பேசுகிறவர்கள். 'அரிதாக', 'சிலவேளை', 'அடிக்கடி' என்று நாம் வரிசையாக எழுதியதில் முதல் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நான்கு பேர் சொன்னார்கள். "கிழமைக்கு ஒருக்காவா, எந்த நாளுமா?" என்று ஒரு அம்மா திருப்பிக் கேட்டார். எங்கள் சொந்தக் கேள்விகளுக்கு அவர் கேட்ட மாதிரியே தெரிவுகளை வைத்தோம். ஸாரிட் மாதிரி உரிமை உள்ள கருவியில் அப்படி நீங்களாக மாற்ற முடியாது. அங்கே வாயால் விளக்கும் வசனத்தை எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: சரியான ஆளைக் கண்டுபிடியுங்கள்

"குடும்பப் பராமரிப்பாளர் யார்?" என்று கேட்டால் யாரும் கை தூக்கமாட்டார்கள். அது நம் காகிதங்களில் இருக்கிற சொல். வீட்டில் சொல்வது "நான்தான் பாக்குறன்" என்பது. அப்படிக் கேட்டாலும் பிழையான ஆள் முன்னுக்கு வந்துவிடுவார். கிளினிக்குக்கு வருவது பெரும்பாலும் சிங்களமோ ஆங்கிலமோ பேசத் தெரிந்த மகன். மருந்துத் துண்டு அவர் கையில், கிளினிக் கொப்பி அவர் கையில். "அம்மாவை நீங்களா பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் "ஓம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் பார்க்கிற பங்கு அது. ஆனால் வீட்டில் குழாயைக் கழுவுவதும், புரட்டிப் படுக்க வைப்பதும், துணி மாற்றுவதும் மருமகளாகவோ, படிப்பை விட்ட பேத்தியாகவோ இருக்கலாம். அவர்களை நாம் ஒருநாளும் கண்டதில்லை.

என் முதல் ஆறு பேரில் நான்கு பேர் இப்படிப்பட்டவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "நேற்று இரவு எழும்பினது யார்?" பதில் உடனே வரும். பெரும்பாலும் வேறொருவரின் பெயரோடு வரும். அந்த ஆளைத் தேடிப் போங்கள். ஆய்வில் யாரைச் சேர்ப்பது என்ற நிபந்தனையாகவே அதை எழுதிக்கொள்ளலாம்.

ஏழாம் படி: பேசப் போகும்போது

பார்வையாளர் நேரத்தைத் தொடாதீர்கள். அந்தக் கொஞ்ச நேரம் அவர்களுக்குச் சொந்தமானது. கிளினிக்கில் காத்திருக்கும் நேரம், இல்லாவிட்டால் அவர்களுக்கு வசதியான நாளில் வீடு. பஸ் காசு செலவழித்து அவர்கள் வருவதாக இருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க உங்கள் முன்மொழிவில் இடம் வையுங்கள். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்காதீர்கள். காது கேட்கிறவர் முன்னால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள், சொன்னால் அது கேட்கிறவரை நோகடிக்கும்.

சீருடையோடு போகாதீர்கள். வெள்ளை உடுப்பைக் கண்டால் "எல்லாம் நல்லம் மிஸ், நல்லாப் பாத்தீங்கள்" என்பதைத் தவிர வேறொன்றும் வராது. நாளைக்கும் அதே வார்டுக்கு வர வேண்டிய மனிதர்கள் அவர்கள். உங்கள் வார்டில் இருந்தவர்கள் என்றால் நேர்காணலை வேறொருவர் செய்வது நல்லது. மறுத்தால் சிகிச்சையில் ஒரு வித்தியாசமும் வராது என்பதை வாயால், நிதானமாகச் சொல்லுங்கள்.

அழுவார்கள். அதற்குத் தயாராகப் போங்கள். ஒலிப்பதிவை நிறுத்துங்கள். தண்ணீர் கொடுங்கள். தொடரலாமா என்று அவர்களிடமே கேளுங்கள், வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ எழுதிக் கையில் கொடுங்கள், வைத்தியசாலையில் யாரிடம் அனுப்பலாம் என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இன்னொரு சங்கடம். தெஹிவளையில் ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தப் பேத்தி தாத்தாவை மல்லாக்கப் படுக்க வைத்தபடியே குழாயில் பால் ஊற்றத் தொடங்கினாள். ஆய்வாளர் தலையிடக்கூடாது என்று வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. எழும்பிப்போய் அவரைத் தூக்கி உட்கார்த்தினேன். பால் நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று தெரிந்த தாதி சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அப்படிச் செய்ததைக் குறிப்பேட்டில் எழுதினேன், அறிக்கையிலும் எழுதினேன். இப்படி நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்பதை ஒழுக்கநெறிக் குழு முன்மொழிவில் எதிர்பார்க்கும், நீங்களும் முன்பே எழுதிவிடுங்கள்.

எட்டாம் படி: எழுதி, பிரித்து, அடுக்குங்கள்

ஒரு மணித்தியாலப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணித்தியாலம் பிடிக்கும். பேசியபடியே தமிழில் எழுதுங்கள். உடனே ஆங்கிலத்துக்கு மாற்றாதீர்கள். "நித்திரை இல்லாமப் பழகிட்டுது" என்பதை ஆங்கிலமாக்கினால் தூக்கமின்மை என்ற ஒரு நோய்க்குறியாக அது சுருங்கிவிடும், அந்தப் 'பழகிட்டுது' காணாமல் போய்விடும். என் முக்கியமான கருப்பொருளே அந்தச் சொல்லிலிருந்துதான் வந்தது. பேச்சின் ஒவ்வொரு துண்டுக்கும் வைக்கும் சிறு பெயர்களான குறியீடுகளைத் தமிழிலேயே இட்டு, கருப்பொருள்கள் திரண்ட பிறகு மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இரண்டு மூன்று நேர்காணல்களை முழுதாக மொழிபெயர்த்துக் காட்டினால் போதும். 2006இல் வெளிவந்த ஆறு கட்டக் கருப்பொருள் பகுப்பாய்வு முறை தொடங்குகிறவருக்கு ஏற்றது. நேர்காணல் ஆய்வை எழுதும்போது கோரெக் என்ற 32 அம்சப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களுக்குப் பதிலாக எண்கள். ஊரும் நோயும் தொழிலும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் அவற்றில் ஒன்றையாவது மறையுங்கள்.

ஒன்பதாம் படி: திரும்பப் போங்கள்

ஆய்வறிக்கை நூலகத்தில் தூங்கட்டும், பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் வார்டுக்குப் போக வேண்டும். வார்ட் சிஸ்டரிடம் நேரம் கேட்டு, டியூட்டி மாறும் நேரத்தில் பத்து நிமிடம் பேசுங்கள். "விளங்கினதா?" என்று கேட்பதற்குப் பதிலாக "வீட்டில் எப்படிச் செய்வீர்கள், ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்று கேட்கலாம் என்பது நான் சொன்ன முதல் விஷயம். குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுப்பதைத் துண்டு வெட்டும் நாளுக்குத் தள்ளாமல், குழாய் போட்ட மறுநாளே தொடங்கலாம் என்பது இரண்டாவது.

பேசியவர்களுக்கும் திருப்பிக் கொடுங்கள். குழாயால் உணவு கொடுப்பது பற்றி ஒரு பக்கத் தாள் தமிழில் தயாரித்து, அச்சடிக்க முன் அந்த ஹட்டன் அக்காவிடம் கொண்டுபோனேன். வாசித்துக்கொண்டே போனவர் இரண்டாவது வரியில் விரலை வைத்தார். "தலைப்பகுதியை 30 பாகைக்கு மேல் உயர்த்தவும்" என்று எழுதியிருந்தேன்.

"பாகைன்னா என்ன மிஸ்?"

கையைச் சாய்த்துக் காட்டினேன். அவர் எழும்பிப்போய், அம்மாவின் முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கி, சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருக்கிற மாதிரி உட்கார வைத்தார். "இதுதானே? அப்ப இப்படி எழுதுங்க. சாஞ்சு உக்காந்து பேப்பர் படிக்கிற மாதிரி. சாப்பாடு குடுத்து முடிஞ்சும் உடனே படுக்க வைக்கக் கூடாதுனு எழுதுங்க, எனக்கு அத யாரும் சொல்லல."

பேனையை வாங்கி, அந்த வரியை அவரே வெட்டினார்.